நான் கழற்றிய பலகை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூலிகைத் தோட்டம் போட்டபோது, தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குச் செடிகளைப் பற்றி ஏதும் தெரியும் என்பதற்காக அல்ல. பள்ளிக்கூட வேலிக்கு அடுத்த வேலி எங்களுடையது, அவ்வளவுதான். தீவுப்பக்கத்துக் கிணறுகள் உவர். பவுசர் லொறியில் வருகிற தண்ணீரைத் தாங்கியில் விட்டு, வாளியால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றவேண்டும். வீட்டு வேலை முடிந்து, பிள்ளையாரடியில் ஒரு விளக்கும் வைத்துவிட்டு வந்தால், காலையில் எனக்கு ஒரு மணித்தியாலம் இருந்தது. ஒப்புக்கொண்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் படிப்பு எந்த ஊரில் விட்டுப்போனது என்றுகூடச் சொல்லத் தெரியாது. அதனால், அந்தத் தோட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞான ரீச்சர் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்திப் பாடம் சொல்லும்போது, நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்பேன். ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற இளம் பெண். ஒருநாள் என்னைக் கண்டுவிட்டு, "அக்கா, தூர நிண்டு என்ன செய்யிறியள்? கிட்ட வாங்கோ" என்றா. அன்றிலிருந்து நானும் ஒரு மாணவி.

அவ கற்பித்த முறை எனக்குப் பிடித்தது. முதலில் பெயர் சொல்லமாட்டா. ஓர் இலையைக் கையில் தந்து, கசக்கு, மண, முதுகைத் தடவிப் பார் என்பா. ஆடாதோடையின் மணம் வேறு, நொச்சியின் மணம் வேறு. முசுட்டை இலையின் அடிப்பக்கம் வெள்ளையாய், பூனைக் காதைத் தொட்டதுபோல இருக்கும். மூக்குக்கும் விரலுக்கும் தெரிந்த பிறகுதான் பெயர். நாற்பது வருடமாய் இலைக்கஞ்சிக்கு இலை ஆய்ந்தவள் நான். ஆனாலும் அதுவரை எந்த இலையையும் உண்மையில் பார்த்ததில்லை என்று அப்போது எண்ணிக்கொண்டேன்.

பழக்கம் கூடக் கூட எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வருகிற மற்றத் தாய்மார் பகிடி பண்ணுவார்கள்.

"பரியாரியம்மா, எனக்கு இடுப்பு நோகுது. ஏதும் பச்சிலை இருக்கோ?"

"உனக்கு இடுப்பில்லையடி நோவு, சோம்பல். அதுக்கு இந்தத் தோட்டத்தில மருந்தில்லை" என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தாலும், பிள்ளைக்குச் சளி என்றால் என்னிடம்தான் கேட்டார்கள். அது எனக்கு இனித்தது.

ஒவ்வொரு செடிக்கும் முன்னால் ஒரு சிறு பலகை நின்றது. எல்லாவற்றிலும் நீல எழுத்து. ஒன்றில் மட்டும் சிவப்பு. அது கார்த்திகைப்பூக் கொடிக்கு முன்னால். அந்தக் கொடியை யாரும் நடவில்லை. மழைக்குத் தானாக முளைத்து, பக்கத்தில் சாத்தாவாரிக்குப் போட்டிருந்த பந்தலில் இலை நுனியால் சுருண்டு பிடித்து ஏறியிருந்தது. பிடுங்கிவிடலாம் என்று நான் சொன்னபோது ரீச்சர் வேண்டாம் என்றா.

"மருந்தை மட்டும் காட்டினால் பாதிப் படிப்புத்தான் அக்கா. எது ஆளைக் கொல்லும் எண்டும் பிள்ளையளுக்குத் தெரியவேணும்."

அவவே சிவப்பு மையில் எழுதினா: கார்த்திகைப்பூ. கிழங்கு கொடிய நஞ்சு. தோண்ட வேண்டாம். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் அந்தக் கிழங்கைப் படமாகவும் கீறிக் காட்டினா. கலப்பைபோல நடுவில் மடிந்திருக்கும். நானும் பார்த்தேன்.

கார்த்திகை மாதம் கொடி முழுக்கப் பூத்தது. மஞ்சளும் சிவப்புமாய், பந்தல் எரிகிறதுபோல. அந்த வாரம் பட்டணத்திலிருந்து சில அதிகாரிகள் தோட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் வருகிற அன்று காலை பெற்றோர் சங்கத்துத் தலைவர் அவசரமாய் சைக்கிளில் வந்தார். எங்கள் ஊரவர்தான், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர்.

"தங்கச்சி, உந்தப் பூவை ஒருக்கா அகற்றிவிடும். வாறவங்கள் படம் எடுப்பாங்கள். பிறகு அது எங்கையாவது போய், பள்ளிக்கூடத்தில ஏன் உந்தப் பூவை வளக்கிறியள் எண்டு ஆரும் கேட்டால் அதிபருக்குத்தான் கரைச்சல்."

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். யுத்தகாலத்தில் ஆயுதம் தூக்கிய இயக்கம் அதைத் தன் பூவாக வைத்திருந்தது. யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் கார்த்திகை மாதத்தில் அந்தப் பூவைக் கண்டால் எங்களில் சிலருக்குக் கண் கலங்கும், சிலருக்கு வயிறு கலங்கும். எனக்கு இரண்டும். விசாரணை என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் எழும்பிப் போய் வாசற்கதவைச் சாத்துவேன்.

"ரீச்சரை ஒருக்கா கேட்டுட்டு…" என்று இழுத்தேன்.

"அவவின்ர பஸ் வர முதல் அவங்கள் வந்திடுவாங்கள். நீர்தானே பரியாரி, உமக்குத் தெரியாததோ?"

அந்தச் சொல்லில் நான் எழும்பிவிட்டேன். கத்தியை எடுத்து வந்து கொடியை நிலத்தோடு வெட்டினேன். சுருட்டி வேலிக்கு அப்பால் எறிந்தேன். பிறகு சிவப்பு எழுத்துப் பலகையையும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே தள்ளிவிட்டேன். அதிகாரிகள் வந்தார்கள், நல்ல தோட்டம் என்றார்கள், ரீ குடித்துவிட்டுப் போனார்கள்.

பிந்தி வந்த ரீச்சர் பந்தலைப் பார்த்தா, பிறகு பலகை நின்ற குழியைக் காலால் மூடினா.

"கொடியை வெட்டினது சரி. பலகையை ஏன் கழட்டினனீங்கள் அக்கா? பலகையில பூ இல்லையே."

"பேர் இருக்குதே ரீச்சர்" என்றேன்.

அவ என்னைக் கோபிக்கவில்லை. பிறகு ஆறுதலாகத் திரும்பப் போடுவம் என்று மட்டும் சொன்னா. பள்ளி லீவு வந்தது. தை மாதம் அவவுக்கு வேறு இடத்துக்கு மாற்றம் வந்துவிட்டது. புதிதாக வந்தவருக்குத் தோட்டத்தில் அக்கறை இல்லை. பலகை கிடந்த இடத்திலேயே கிடந்தது. நான் அதை மறந்துபோனேன் என்று எழுதினால் அது முழு உண்மை இல்லை. தாங்கியடிக்குப் போகும்போது காணுவேன். கண்டும், இனிக் கொடிதான் இல்லையே என்று விட்டுவிடுவேன்.

பங்குனியில் என் மகளுக்கு ஆண்குழந்தை பிறந்தது. தலைப்பிள்ளை. எங்கள் வழக்கப்படி பிள்ளைப்பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். மருமகன் வவுனியாவில் வேலை, கிழமை முடிவில் வந்துபோவார். எல்லாம் அம்மாளாச்சியின் அருளால் சுகமாய் முடிந்தது என்று நானும் கணவரும் நிம்மதியாய் இருந்தபோது, பால் போதாமல் போனது. பிள்ளை பத்து நிமிடம் சூப்பிவிட்டு முகம் சிவக்கச் சிவக்க அழும்.

வீட்டுக்கு வந்து பார்க்கிற மிட்வைவ் பதறவில்லை. "அடிக்கடி பிள்ளையைப் போடுங்கோ, தண்ணி நல்லாக் குடிக்கட்டும், தானா வரும்" என்றா. எனக்குத்தான் பொறுமை இல்லை. அதோடு சம்பந்தியம்மா ரெலிபோன் எடுத்து, "இன்னும் பால் இறங்கேல்லையோ? எங்கட பக்கத்தில உப்பிடி ஒருத்தருக்கும் வந்ததில்லை" என்று சொல்லிவிட்டா. அந்தச் சொல் என் மகளின் காதிலும் விழுந்தது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பெற்ற வயிறு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமோ?

பால் சுரக்கச் சாத்தாவாரிக் கிழங்கு. தண்ணீர்விட்டான் கிழங்கு என்றும் சொல்வார்கள். அது எனக்குத் தோட்டத்தில் கற்ற பாடம். பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் நான் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி. யாரைக் கேட்கவேண்டும்? அடுத்த நாள் விடிந்ததும் மண் தோண்டுகிற அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். தோண்டு முன் மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, பிள்ளையாரப்பா என் பிள்ளைக்குப் பாலைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

மேலே பார்த்தால் சாத்தாவாரிதான். தூவிபோன்ற இலையும் முள்ளும், ஐயமே இல்லை. அடியைத் தோண்டியபோது விரல் விரலாய்க் கிழங்குகள் கொத்தாக வந்தன. அவற்றோடு இரண்டு தடித்த கிழங்கும் வந்தன. நடுவில் மடிந்திருந்தன. ஒரு கணம் கையில் வைத்துப் பார்த்தேன். இதை எழுதும்போதும் அந்தப் பாரம் உள்ளங்கையில் தெரிகிறது. "இது முற்றின கிழங்கு, இதிலதான் சத்து" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணந்து பார்க்கவில்லை. மணந்தாலும் தெரிந்திருக்குமோ என்னவோ. பூவும் இலையும் பலகையும் இல்லாத ஒன்றை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

தோல் சீவி, சாத்தாவாரியில் கொஞ்சமும் அந்த முற்றின கிழங்கில் ஒரு துண்டும் சேர்த்து அம்மியில் அரைத்து, பசுப்பாலில் காய்ச்சி, கற்கண்டு போட்டு ஒரு பேணியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மகள் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கைக்குதணை அம்மா. தொண்டையும் ஒருமாதிரி எரியுது."

"மருந்தெண்டால் அப்பிடித்தான். மூக்கைப் பிடிச்சுக்கொண்டு குடி. பிள்ளைக்குப் பால் வேண்டாமோ?"

அரைவாசி குடித்தாள். மிச்சத்தைக் குடிக்கவில்லை. நான் ஏசினேன். அவள் மிச்சம் வைத்ததுதான் கடவுள் செயல்.

பிறகு ஒருமுறை பிள்ளைக்குப் பாலும் கொடுத்தாள். மத்தியானம் நான் குசினியில் பத்தியக் கறி வைத்துக்கொண்டிருந்தபோது வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. ஒருமுறை, இரண்டுமுறை, பிறகு நிற்கவேயில்லை. வயிற்றாலும் போகத் தொடங்கியது. நேற்றுச் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். என் கணவர் என்னோடு வாதாடாமல் ஓட்டோவைக் கூட்டிவந்துவிட்டார்.

ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில் பிள்ளை என் மடியில், மகளின் தலை என் தோளில். அவள் கை குளிர்ந்து வழுவழுத்தது. அந்த ஓட்டோவுக்குள்தான் எனக்கு விளங்கியது. கரும்பலகையில் ரீச்சர் கீறிய படம் அப்படியே கண்ணுக்கு முன் வந்து நின்றது. கலப்பை. நடுவில் மடிந்த கலப்பை. கொடியை வெட்டினேன். கிழங்கு மண்ணுக்குள் இருந்தது. நான் வெட்டினது எனக்குத் தெரிந்ததை மட்டும்தான்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "காலமையிலயிருந்து என்ன சாப்பிட்டவ?"

"ஒண்டுமில்லை, பால் மட்டும்" என்றேன்.

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அந்தக் கிழங்கை அரைத்தாள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம். அவள் சாக நினைத்தாள். நான் பெயரைச் சொன்னால் பொலிஸ் வரும். கட்டிலடியில் நின்று என் பிள்ளையை விசாரிக்கும். பெற்று மூன்று கிழமையில் நஞ்சு குடித்தவள் என்று ஊர் பேசும், சம்பந்தி வீடு பேசும். அந்தப் பெயரோடு அவள் எந்த வீட்டில் வாழ்வாள்? ஐந்து மாதத்துக்கு முன் ஒரு பூவின் பெயரைக் கண்டு பயந்தேன். இப்போதும் அதே பெயர்தான், வேறு பயம்.

சேலைன் போத்தலில் பாதி இறங்குமட்டும் என் பொய் நின்றது. என் கணவர் பிள்ளையை வைத்துக்கொண்டு வெளியில் நடந்துகொண்டிருந்தார். மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குக் குரல் வரவில்லை. உதட்டைத்தான் பார்த்தேன்.

"அம்மா, எனக்கு என்னத்தைத் தந்தனீங்கள்? சொல்லணை."

நான் எழும்பிப் போய் டொக்டரின் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஐயா, நான் பொய் சொல்லிப்போட்டன். கார்த்திகைக் கிழங்கு. அவவுக்குத் தெரியாது. நான்தான் அரைச்சுக் குடுத்தனான், சாத்தாவாரி எண்டு நினைச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. "மிச்சம் வீட்டில இருக்கோ அம்மா? உடன கொண்டுவரச் சொல்லுங்கோ. பிள்ளைக்கு அதுக்குப் பிறகு பால் குடுத்தவவோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

என் கணவர் அம்மியடியில் கிடந்த மிச்சக் கிழங்கைத் தோலோடு கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்தார். பொழுதுபட முதல் தாயையும் பிள்ளையையும் அம்புலன்ஸில் யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மூன்று நாள் வைத்துப் பார்த்தார்கள். மகள் ஐந்து நாள் பிழைப்பாள், பிழைக்கமாட்டாள் என்று கிடந்தாள். பிள்ளைப்பேற்றுத் துடக்கு கழியாததால் நான் ஒரு கோயிலுக்கும் போக ஏலாது. ஆசுப்பத்திரி விறாந்தையில் இருந்துகொண்டே நயினாதீவு அம்மாளைக் கூப்பிட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை. என் பிள்ளையின் உயிரை மட்டும் கேட்டேன்.

பொலிஸ்காரர் வந்தார். நான் பயந்ததுபோல இல்லை, அடக்கமாகத்தான் பேசினார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு மகளிடம் கேட்டார். கதவடியில் நின்ற எனக்கு அவளின் பதில் கேட்டது.

"அம்மா தந்தவ. பால் சுரக்கவெண்டு."

அதை எழுதி, என்னிடமும் கேட்டு எழுதி, கையெழுத்து வாங்கினார்.

சம்பந்தியம்மா அடுத்த நாள் வந்தா. மகளைப் பார்த்துவிட்டு, பேரனைத் தூக்கி மணந்துவிட்டு, என்னிடம் வந்தா. "இவனுக்கும் ஒரு வாய் பருக்கிப் பாக்கேல்லையோ?" என்றா. மருமகன்தான், "அம்மா, பேசாமல் இருங்கோ" என்றார். அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மாளாச்சி கண் திறந்தா. மகள் பிழைத்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து ஒரு கிழமையில் தலைமயிர் கொட்டத் தொடங்கியது. கொட்டும் என்று டொக்டர் சொல்லித்தான் விட்டிருந்தார், பிறகு முளைக்கும் என்றும் சொன்னார். ஆனாலும் காலையில் தலையணையில் கொத்துக் கொத்தாய்க் கிடக்கும். அதை நான் கூட்டி அள்ளுவேன். துடக்குக் கழிவன்று சேலைத் தலைப்பால் மொட்டாக்குப் போட்டுக்கொண்டு பிள்ளையோடு இருந்தாள். பால் அடியோடு நின்றுவிட்டது. பிள்ளை மாப்பால் குடித்தான். எதற்காக நான் அலவாங்கைத் தூக்கினேனோ, அது போய்விட்டது.

தோட்டத்துப் பந்தலடியை நானே கொத்தினேன். மண்ணை அரிதட்டில் போட்டு அரித்தேன். மேலும் ஏழெட்டுக் கிழங்கு கிடந்தன. எரித்தேன். அதிபரிடமும் தாய்மாரிடமும் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். தலைவர் அண்ணையும் அங்கே நின்றார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அவரில் கோபம் இல்லை. வெட்டச் சொன்னது அவர். பலகையைக் கழற்றச் சொன்னது யாருமில்லை. இப்போதும் தண்ணீர் ஊற்றுகிறேன். பிள்ளைக்குச் சளி என்று யாரும் கேட்டால் சித்த வைத்தியரிடம் போகச் சொல்கிறேன். பகிடிக்குக்கூட யாரும் பரியாரியம்மா என்பதில்லை.

மகள் என்னை ஒரு சொல் குறை சொன்னதில்லை. பார்க்க வருகிற சனம் கேட்டால், "அம்மா நல்லதுக்குத்தான் செய்தவ" என்பாள். ஆனால் நான் எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்க முதல் மணந்து பார்ப்பாள். தனக்குத் தெரியாமலே செய்கிறாள் என்று முதலில் நினைத்தேன்.

ஆனி மாதம் மருமகன் வான் கொண்டுவந்தார், வவுனியாவுக்குக் கூட்டிப்போக. சாமான் எல்லாம் ஏற்றியாயிற்று. வழிக்கு ஒரு பிளாஸ்கில் மல்லித்தண்ணி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தேன். அவள் வானுக்குள் இருந்தபடி மூடியைக் கழற்றி, அதில் கொஞ்சம் வார்த்து, என்னிடம் நீட்டினாள்.

"முதல் நீங்கள் குடியுங்கோ அம்மா" என்று சிரித்தாள்.

"உன்ர பகிடி இன்னும் விடேல்லை" என்று என் கணவரும் சிரித்தார். மருமகனும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டு வாங்கினேன். சூடு. ஒரே மிடறாய் விழுங்கினேன்.

அவள் சிரிப்பு முகத்தோடுதான் இருந்தாள். ஆனால் அந்த மிடறு என் தொண்டையால் இறங்குமட்டும் கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் தனக்கு வார்த்தாள்.